அகலம் போதாத காசு

“இதுல அச்சே தேஞ்சி போச்சுங்க. ராணிக்கு மூக்கே இல்ல பாருங்க. இதப் போயி கேக்கறீங்களே!”

கள்ளக்குறிச்சி கடைவீதியில் பழைய காசு வாங்கி விற்கும் சுப்புராயன், பூதக்கண்ணாடியைக் கண்ணிலிருந்து எடுக்காமலே சிரித்தார். எதிரே நைனார்பாளையத்துச் சின்னக்கண்ணு மஞ்சள் பையை மடியில் அணைத்தபடி உட்கார்ந்திருந்தார். பையில் புது வேட்டி. அதன்மேல் ஒரு ரோஜா மாலை.

“மூக்கு இன்னாத்துக்குங்க? அகலமா இருக்கணும். அவ்ளோதான்.”

“யாருக்கு?”

“அக்கா மவனுக்கு. மறியலுக்குப் போனவன், எட்டு நாளாச்சு. சாயந்திரம் கடலூர்லேர்ந்து வேன்ல கொண்டாந்து வுடறாங்களாம். மாமன் முறைய நான்தான செய்யணும்?”

சுப்புராயனுக்கு மனசு இளகிவிட்டது. இடஒதுக்கீடு கேட்டு நடந்த மறியலில் ரோட்டுக்குக் குறுக்கே வெட்டிப் போட்ட மரங்களை அகற்றி, நேற்றுதான் பஸ் விட்டிருந்தார்கள். பிடித்துக்கொண்டு போன பையன்களும் ஒவ்வொருவராக ஊர் திரும்பிக்கொண்டிருந்தார்கள். இந்த மனிதருக்கு நல்ல காசாகத்தான் கொடுக்க வேண்டும்.

பஞ்சில் பொதிந்து வைத்திருந்த ஜார்ஜ் மன்னர் அரை ரூபாயை எடுத்தார்.

“கையே படாத காசுங்க இது. அடிச்ச அன்னிக்கி எப்படி இருந்துச்சோ அப்படியே இருக்கு. மீசை முடிய எண்ணிடலாம்! எத்தினியோ பேரு கேட்டும் குடுக்கல. பையன் வூடு வர்ற நாளு, எடுத்துக்கினு போங்க.”

சின்னக்கண்ணு அதை வாங்கி, தன் கட்டைவிரல் நுனியை அதன்மேல் வைத்துப் பார்த்தார். விரல் காசை அநேகமாக மறைத்துவிட்டது.

“சின்னதுங்க.”

“இன்னா மாமங்க நீங்க! தோசைக்கல்லு வாங்க வந்தாப்ல அகலம் பாக்கறீங்க?”

சின்னக்கண்ணு கோபப்படவில்லை. “எங்கக்கா காத்தாலேர்ந்து வாசல்லியே உக்காந்துகினு இருக்குதுங்க. அது பாக்கறப்போ ஒண்ணும் வித்தியாசமா தெரியக் கூடாது.”

சுப்புராயன், ராணிக்கு மூக்கில்லாத அந்த விக்டோரியா ரூபாயையே நீட்டினார். “செரி, இதயே வெச்சிப் பாருங்க. புளி போட்டுத் தேச்சே கெடுத்துட்டானுங்க. தரம் ரொம்பக் கம்மி.”

கட்டைவிரல் அதன்மேலும் உட்கார்ந்து எழுந்தது. “பத்தாதுங்க.”

கடைசியில் பெட்டியின் அடியிலிருந்து ஒரு பெரிய பத்து ரூபாய் வெள்ளிக்காசு வந்தது. ஞாபகார்த்தமாக அரசாங்கம் வெளியிட்டது.

“ஓரம் நசுங்கிக் கெடக்குது. இத விக்கறதுக்கே எனக்குக் கூச்சமா இருக்குதுங்க.”

சின்னக்கண்ணு விரலை வைத்தார். விரலைச் சுற்றிலும் வெள்ளி தெரிந்தது. அவருக்குக் கண் கலங்கிவிட்டது.

“இது போதுங்க.”

சுப்புராயன் காசைத் துணியால் ஒற்றி, காகிதத்தில் மடித்துக் கொடுத்தார். பாசக்கார மாமன் என்று நினைத்துக்கொண்டார்.

“பையன் கையில குடுக்கறப்போ விளிம்ப மட்டும் புடிக்கச் சொல்லுங்க. விரல் ரேகை பட்டா காசு கெட்டுடும்.”

“கையில குடுக்கறதுக்கு இல்லீங்க. நெத்தியில வெக்கறதுக்கு,” என்றார் சின்னக்கண்ணு. “குண்டு பாஞ்ச ஓட்டை எங்கக்கா கண்ணுல படக் கூடாதுங்க.”