கூட வந்தவர்

மேஜைமேல் டிஷ்யூ பெட்டி இருந்தது. நோயாளி அழுதால் அதை நகர்த்தி வைப்பதற்குத் தேர்வில் தனி மார்க் உண்டு என்று யாரோ சொல்லியிருந்ததால், டாக்டர் அதைக் கைக்கு எட்டும் இடத்தில் இழுத்து வைத்துக்கொண்டார்.

ஆபரேஷனில் அவ்வளவு வேகம் என்பதால் ஆஸ்பத்திரியில் அவருக்கு மின்னல் என்று பெயர். பெண்களின் முகத்தைவிட வயிற்றைத்தான் அதிகம் பார்த்தவர். பிரசவப் பிரிவின் தலைவர் நாற்காலி இனி அவருக்குத்தான் என்றிருந்தபோது புதிதாக ஒரு விதி வந்தது. மருத்துவ அறமும் நோயாளி உரிமையும் படித்துத் தேறினால்தான் நாற்காலி. இந்த வயதில் பல்கலைக்கழகத்துக்கு வந்து பெஞ்சில் உட்கார வேண்டியதாயிற்று.

"ஒவ்வொண்ணுக்கும் கேட்டுக்கிட்டே இருந்தா நான் எப்பதான் தையல் போடுறது?" என்று பின்வரிசையில் சிரிப்பு மூட்டுவார். முன்பு ஒருமுறை அவர்மேல் தபாலில் ஒரு புகார் வந்தது. "அந்தம்மா சரின்னு சொன்னாங்க, செஞ்சேன்" என்று ஒரே வரியில் விசாரணையை முடித்துவிட்டார். புகார் எழுதியவளை யாரும் கூப்பிடக்கூட இல்லை.

இன்று செய்முறைத் தேர்வு. டாக்டர்கள் மட்டுமல்ல, யார் வேண்டுமானாலும் சேரக்கூடிய படிப்பு அது. முந்தைய வருஷம் படித்து முடித்தவர்கள் ஆளுக்கொரு கேஸ் எழுதிக் கொடுத்து, அவர்களே நோயாளியாக வந்து உட்காருவது அங்கே வழக்கம்.

"படம் பிடிக்கிறோம் டாக்டர். உங்களுக்குச் சம்மதமா?" என்றார் மூலையில் இருந்த பேராசிரியை.

"இதுக்குக்கூடக் கேப்பீங்களா? பிடிங்க மேடம்."

கேஸை இன்னொரு தரம் படித்தார். சிசேரியன் செய்தபோது, கேட்காமலே அந்தப் பெண்ணின் கருக்குழாயையும் கட்டிவிட்டார்கள். அடுத்த குழந்தைக்காக வருஷக்கணக்கில் அலைந்த பிறகுதான் அவளுக்கு விஷயம் தெரிகிறது. பழிவாங்கும் வெறியோடு வருகிறாள். டாக்டர் உண்மையைச் சொல்லி மன்னிப்புக் கேட்க வேண்டும்.

கதவு திறந்தது. நாற்பதை நெருங்கும் ஒரு பெண் வந்து எதிரே உட்கார்ந்தாள்.

"வாங்கம்மா. கூட யாரு வந்திருக்காங்க?"

பழக்கதோஷம். பேராசிரியையின் பேனா அசைந்தது. டாக்டர் நாக்கைக் கடித்துக்கொண்டார்.

"யாரும் வரல. வயிறு என்னோடதுதான், என்கிட்டயே பேசலாம்" என்றாள் அவள். "அன்னைக்கும் கூட வந்தவர்கிட்டதானே பேசினீங்க? லிஃப்ட் வாசல்ல நின்னு."

கேஸில் லிஃப்ட் இல்லை. சொந்தச் சரக்கையும் சேர்க்கிறாள், கெட்டிக்காரி என்று நினைத்துக்கொண்டார். ஈடுகொடுக்காவிட்டால் மார்க் போய்விடும்.

"ஆமாம்மா, அங்கதான்."

"என்ன சொன்னீங்க?"

"பிள்ளை நல்லா இருக்கு, கையோட அதையும் கட்டியாச்சுன்னு சொன்னேன்."

"கையோட."

"ஆமாம்மா."

"கடைக்குப் போனா கையோட ஒரு சோப்பு வாங்கிட்டு வர்ற மாதிரி. அவர் என்ன சொன்னாரு?"

"சரின்னாரு."

"இப்ப சும்மா எனக்காகச் சொல்றீங்களோ என்னவோ. அப்ப அவர் கையில என்ன வச்சிருந்தாரு, சொல்லுங்க பாப்போம்."

இதைக் கேஸில் தேடிப் பயனில்லை. டாக்டர் ஞாபகத்தைத் துழாவினார். லிஃப்ட் வாசலில் நின்ற எத்தனையோ புருஷன்மார்களில் ஒருவன் நல்ல வேளையாகக் கைகொடுத்தான்.

"ஃபிளாஸ்க். மூடி சரியா மூடல. பால் வழிஞ்சு சட்டையெல்லாம் ஆயிடுச்சு. அதைத் துடைச்சுக்கிட்டேதான் தலையாட்டினாரு."

"அந்தச் சட்டை..." என்று ஆரம்பித்தவள் நிறுத்திக்கொண்டாள். டாக்டர் டிஷ்யூ பெட்டியை நகர்த்தி வைத்தார். அவள் அதைத் தொடவில்லை.

"மலடி இல்ல, ஒண்ணோட நின்னு போனவன்னு எனக்குப் பேரு. என் மாமியார் போற வர்றவங்ககிட்ட எல்லாம் சொல்வாங்க. பக்கத்துல உக்காந்து அவரும் கேட்டுக்கிட்டுதான் இருப்பாரு. அவரை நான் அப்பவே விட்டுட்டேன். உங்களை விட மனசு வரல, டாக்டர். கத்தியால குத்தினா ஒரு நிமிஷத்துல முடிஞ்சிடும். அது வேண்டாம். உங்க வாயாலயே சொல்லணும், நாலு பேர் கேக்கணும்."

"உங்க கோபம் நியாயம்தாம்மா." பாடத்தில் இருந்த வாக்கியம். குரலை ஒரு படி இறக்கிக்கொண்டார். "உங்களைக் கேட்டிருக்கணும். நான் கேக்கல."

"நான் சரின்னு சொன்னதா எல்லார்கிட்டயும் சொன்னீங்களே?"

"பொய் சொன்னேன். என் வேலையைக் காப்பாத்திக்கச் சொன்னேன். நீங்க வாயே திறக்கல. உங்களுக்கு நான் செஞ்சது அநியாயம். என்னை மன்னிச்சிடுங்கம்மா."

வார்த்தைகள் வழுக்கிக்கொண்டு வந்தன. இவ்வளவு லேசாக வரும் என்று அவரே எதிர்பார்க்கவில்லை.

மணி அடித்தது. பேராசிரியை மார்க் தாளை மூடினார். "எல்லாத்துக்கும் முழு மார்க், டாக்டர்" என்றவர் குரலில் பாராட்டு எதுவும் இல்லை. கேமராவில் சிவப்பு விளக்கு இன்னும் எரிந்துகொண்டிருந்தது.

நாற்காலி கைக்கு வந்துவிட்ட சந்தோஷத்தில் மின்னல் எழுந்து, சட்டையை இழுத்துவிட்டுக்கொண்டு அவளிடம் வந்தார்.

"பிரமாதம்மா. எனக்கே உடம்பு சிலிர்த்துப்போச்சு. நடிப்புன்னா இதுதான் நடிப்பு."

அவள் கைப்பையைத் தோளில் மாட்டிக்கொண்டு அவர் முகத்தை நேராகப் பார்த்தாள்.

"நடிச்சது நீங்க மட்டும்தான், டாக்டர்."