மேஜர் போட்ட ஸ்லோ மார்ச்

“லெஃப்ட்! ரைட்! லெஃப்ட்!”

மேஜர் போட்ட சத்தத்தில் நாடக அரங்கின் ஜன்னல் கண்ணாடிகள் அதிர்ந்தன. மேடையில் சிப்பாய்களாக நடந்துகொண்டிருந்த எட்டு நடிகர்களும், அவர் “ஹால்ட்!” என்றதும் ஒருவர் முதுகில் ஒருவர் மோதி நின்றார்கள்.

“பிரமாதம் மாமா!” என்றார் கீழே உட்கார்ந்திருந்த மாப்பிள்ளை. நாடகத்தின் இயக்குநர் அவர்தான். ‘என் மாமனார் பதினெட்டு வருஷம் பட்டாளத்துல இருந்தவர்’ என்று எல்லோரிடமும் பீற்றிக்கொண்டு, மேஜர் என்ற பட்டத்தையும் அவரே சூட்டிக் கூட்டி வந்திருந்தார்.

பதினெட்டு வருஷம் என்பது பொய்யில்லை. அணிவகுப்பு மைதானத்துச் சத்தத்தைக் கேட்டுக்கொண்டேதான் மேஜர் தினமும் தன் வேலையைப் பார்த்திருக்கிறார்.

“அடுத்தது தளபதியோட இறுதி ஊர்வலம். ஸ்லோ மார்ச்!”

எட்டுப் பேரும் மூட்டுவலிக்காரர்கள் மாதிரி நகர்ந்தார்கள். ஏணி மேல் விளக்கு மாட்டிக்கொண்டிருந்த லைட்காரர் களுக்கென்று சிரித்தார். அன்றைக்குத்தான் வேலைக்கு வந்தவர்.

“மேஜர் சார், ஸ்லோ மார்ச்சுல நிமிஷத்துக்கு எத்தனை அடி?”

மேஜர் மீசையை முறுக்கினார். “அது... செத்தவரோட பதவியைப் பொறுத்தது.”

லைட்காரர் இறங்கி வந்து மேடையின் குறுக்கே நடந்து காட்டினார். முழங்கால் விறைக்க, நுனிக்கால் தரையை உரசுவது போல முன்னே நீண்டு, ஒரு கணம் அந்தரத்தில் நின்று இறங்கியது. எட்டுப் பேரும் வாயைப் பிளந்தார்கள்.

மாப்பிள்ளை திரும்பினார். “ஏன் மாமா, இப்படியா நடக்கணும்?”

மேஜர் பதில் தேடுவதற்குள் லைட்காரர் முந்திக்கொண்டார். “மேஜர் சார் சொன்னதைத்தான் நான் நடந்தேன். இவங்களுக்குத்தான் புரியல.”

இவன் எதற்கு எனக்கு வக்காலத்து வாங்குகிறான்? இடைவேளை விட்டதும் மேஜர் அவரைத் திரைக்குப் பின்னால் தள்ளிக்கொண்டு போனார்.

“எந்த ரெஜிமென்ட்?”

“உங்க ரெஜிமென்ட்தான் சார்.”

மாப்பிள்ளை முகத்தில் இனி எப்படி விழிப்பது? மேஜரின் குரல் தானாக இறங்கியது. “அப்போ, நான் யாருன்னு...”

லைட்காரர் அக்கம்பக்கம் பார்த்தார். குதிகால்களைச் சேர்த்து விறைப்பாக ஒரு சல்யூட் அடித்துவிட்டு, காதோரம் குனிந்தார்.

“எட்டு வருஷம் நீங்க சமைச்சுப் போட்டதைச் சாப்பிட்டவன் சார் நான்!”