பெரியப்பாவின் முதுகு

பத்து மாதக் குழந்தையின் முதுகில் அவ்வளவு மயிரைக் கண்டதும் டொக்டர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துவிட்டு மறுபடி பார்த்தார்.

என் மகன் சுமன் அண்ணியின் மடியில் குப்புறக் கிடந்து அவரது சேலைத் தலைப்பைச் சப்பிக்கொண்டிருந்தான். பளைப் பள்ளிக்கூடத்தில் படிப்பிக்கிற என் மனைவிக்கு லீவு கிடைக்கவில்லை. அதனால் கிளிநொச்சிக்கு அண்ணிதான் என்னோடு வந்திருந்தார்.

"தகப்பன் வழியில ஆருக்கும் இப்பிடி இருந்ததோ?"

டொக்டர் கேட்டது என்னைத்தான். அண்ணி முந்திக்கொண்டார்.

"ஓம் டொக்டர். இவன்ர பெரியப்பாவுக்கு. அச்சொட்டா இதே முதுகு!"

அண்ணன் குகதாசன் காணாமல் போய்ப் பதினாறு வருடம். அண்ணி அவரோடு வாழ்ந்தது பத்தொன்பது நாள்.

அந்தப் பத்தொன்பது நாளுக்குள் இவ்வளவு கதை எப்படி அடங்கியதோ தெரியாது. வாய்க்காலில் குளித்துவிட்டு வந்தால் முதுகு மயிரில் தண்ணீர் முத்து முத்தாய் நிற்குமாம். துவட்டப் போனால் கூச்சத்தில் நெளிவாராம். வருடக்கணக்காய் வாயே திறக்காதிருந்த மனுசி, இந்தப் பிள்ளையின் முதுகில் மயிர் கறுக்கத் தொடங்கிய பிறகுதான் இதையெல்லாம் சொல்லிச் சொல்லிச் சிரித்தார்.

மயிர் உதிரட்டும் என்று என் மனைவி பயத்தம் மாவைக் குழைத்துப் பூசப் போனபோது கிண்ணத்தையே பறித்துவிட்டார். நானும் தடுக்கவில்லை. அந்தச் சிரிப்பு எனக்கும் வேண்டியிருந்தது.

டொக்டரின் பார்வை வழுக்கையை மறைத்திருந்த என் தொப்பிக்குப் போனது.

"தலைமயிர் வளர நீங்கள் ஏதும் பூசுறனீங்களோ?"

பிள்ளையின் விசயத்தில் பொய் சொல்ல வரவில்லை. ஆறு மாதமாய்ப் பூசுகிறேன், அதே கையால்தான் இவன் முதுகைத் தடவி நித்திரையாக்குகிறேன் என்றேன்.

டொக்டர் சிரிக்கவில்லை. காரணம் அந்த மருந்தாகத்தான் இருக்கும், இன்றைக்கே நிறுத்தினால் நாலைந்து மாதத்தில் எல்லாம் உதிர்ந்துவிடும் என்றார்.

முதுகைத் தடவிக்கொண்டிருந்த அண்ணியின் கை அப்படியே நின்றது. இந்த நாசமாய்ப்போன மருந்தை ஏன் வாங்கினேன் என்று என்னையே திட்டிக்கொண்டேன்.

அண்ணி பிள்ளையின் சட்டையை இழுத்து மூடிவிட்டு என் பக்கம் திரும்பினார்.

"இவனுக்கு மருந்தால வந்ததாவே இருக்கட்டும். ஆனா அவருக்கு இருந்தது. என்ன தம்பி, இருந்ததுதானே?"

"ஓம் அண்ணி," என்றேன்.

பதினேழு வயதுவரை அண்ணனின் முதுகுக்குச் சவர்க்காரம் போட்டுவிட்டவன் நான். வழவழவென்று, ஒரு மயிர்கூட இல்லாத முதுகு அது.