எந்திரிக்காதீகப்பா!

“அதிகாரி உள்ள வந்ததும் என்ன செய்வீக?”

“உக்காந்தே இருப்பேன்.”

“என்ன ஆனாலும் எந்திரிக்கக் கூடாது. சரியாப்பா?”

“சரி ஆத்தா.”

ராஜப்ரியா வாசல் வரை போனாள். கக்கத்தில் ஒரு ஃபைலை இடுக்கிக்கொண்டு, தொண்டையைச் செருமியபடி அதிகாரி மாதிரி உள்ளே வந்தாள்.

அவள் அப்பா முத்துவேல் எழுந்து நின்றுவிட்டார்.

“அப்பா!”

“அட, மறந்துபோச்சு ஆத்தா.”

ஜன்னலுக்கு வெளியே சிரிப்புச் சத்தம். எதிர் வீட்டு சோணையம்மாள்.

“என்னத்தா, வெள்ளிக்கிழமை விசாரணைக்கு ஒத்திகையா? நல்லா எந்திரிக்கிற மனுசனை எந்திரிக்காம நடிக்கச் சொல்லித்தான் கவர்மெண்டுப் பணம் வாங்கப் போறீகளாக்கும்!”

ராஜப்ரியாவுக்குச் சுருக்கென்றது. அம்மா சிகப்பிதான் பதில் சொன்னாள்.

“உள்ள வந்து பாருங்கக்கா, அவுக எந்திரிக்கிற லட்சணத்த.”

சோணையம்மாள் வாசல் நிலையைத் தாண்டினாள். அவ்வளவுதான். முத்துவேல் நாற்காலிக் கைப்பிடி இரண்டையும் இறுகப் பிடித்தார். பல்லைக் கடித்து உடம்பைத் தூக்கினார். வலது கால் மரத்துண்டு மாதிரி பின்னால் இழுபட, சுவரில் சாய்ந்து நின்றார்.

“வாங்கக்கா” என்று சிரித்தார். சிரித்த முகத்தில் வேர்வை வழிந்தது.

“ஐயையோ, உக்காரு தம்பி!”

தச்சு வேலைக்குப் போன இடத்தில் சாரம் சரிந்து விழுந்தவர். இடுப்பில் கம்பி வைத்திருக்கிறது. ஒரு தடவை எழுந்தால் அன்றைக்கெல்லாம் வலியில் புரளுவார். ஆனாலும் வீட்டுக்கு வந்தவர்களை எழுந்து நின்று ‘வாங்க’ என்று சொல்லாமல் இருக்க அவரால் முடியாது.

உதவித்தொகை மனுவை விசாரிக்க முன்பு வீட்டுக்கு வந்த அதிகாரியையும் அப்படித்தான் வரவேற்றார். தன் நாற்காலியையே அவருக்கு நகர்த்திப் போட்டார். “எப்படி இருக்கீங்க?” என்றதற்கு, “நல்லா இருக்கேங்கய்யா” என்றார்.

வந்தவர் காப்பி குடித்தார். ‘மனுதாரர் தானாக எழுந்து நிற்கிறார். நலமாக இருப்பதாக அவரே கூறினார்’ என்று எழுதிவிட்டுப் போனார்.

மனு தள்ளுபடி.

இப்போது மேல்முறையீடு. இதுவும் கைவிட்டுப் போனால் வேறு போக்கில்லை. அவருடைய மாத்திரைக்கும் ஆஸ்பத்திரிக்குப் போகிற ஆட்டோவுக்குமாகவே சிகப்பி பலகாரக் கடையில் இரண்டு ஷிப்டு முறுக்குச் சுற்றுகிறாள்.

மறுநாள் காலையில் சோணையம்மாள் தானாக வந்து நின்றாள். முகத்தில் வீட்டுக்காரரின் மூக்குக் கண்ணாடி.

“இன்னைக்கு நான்தான் அதிகாரி. எந்திரிச்சே, தெரியும் சேதி!”

முத்துவேல் எழுந்துவிட்டார்.

“ஏப்பா!” என்றாள் ராஜப்ரியா.

“நீங்க அதிகாரிய விடப் பெரியவுகள்லக்கா...”

“இந்தா, ரெண்டு கையையும் மடியில கோத்து வையி. கைய ஊனித்தான எந்திரிக்கிற? கையக் கட்டிப்போட்டா கால் எங்க போயிரும்?”

அந்த யோசனை பலித்தது. சாயங்காலம் அவள் வந்தபோது முத்துவேல் உட்கார்ந்தே இருந்தார். “அப்பா பாஸ்!” என்று ராஜப்ரியா கை தட்டினாள். அவர் கண்தான் கலங்கியது.

“வந்தவுக நிக்கிறாக. நான் பாட்டுக்கு மரக்கட்டையா உக்காந்திருக்கேன். இதுக்குப் பேரு பாஸா?”

வெள்ளிக்கிழமை. விசாரணை அலுவலகத்தில் பெஞ்சு நிறையக் கூட்டம். அதிகாரி வருகிறார் என்றதும் ஊழியர்கள் விறைத்து நின்றார்கள். கக்கத்தில் கட்டை வைத்திருந்தவர்கள் கட்டையை ஊன்றி எழுந்தார்கள். ஒரு கால் இல்லாதவர்கூடப் பக்கத்து ஆளின் தோளைப் பிடித்து எழுந்து கும்பிட்டார்.

முத்துவேல் கைகளைக் கோத்துக்கொண்டார். விரல் கணுக்கள் வெளுத்தன. பக்கத்தில் நின்ற ராஜப்ரியா அவர் கைகளையே பார்த்தாள்.

எழுந்திருக்கவில்லை! அப்பா ஜெயித்துவிட்டார்!

அதிகாரி நாற்காலியில் அமர்ந்தார். மேஜை மேல் அடுக்கியிருந்த ஃபைல்களைத் தொடவில்லை. அவர் பார்வை முத்துவேல் மேல் வந்து நின்றது.

“யாருய்யா அது? நான் வர்றேன், எல்லாரும் எந்திரிக்கிறாங்க. நீ பாட்டுக்குச் சட்டமா உக்காந்திருக்கே! கால் என்ன, விளங்காமயா போச்சு?”

முத்துவேல் கோத்த விரல்களை மெல்லப் பிரித்தார்.

‘எந்திரிக்காதீகப்பா’ என்று ராஜப்ரியா மனசுக்குள் கத்தினாள்.

அவர் உட்கார்ந்தபடியே கை கூப்பினார்.

“ஆமாங்கய்யா. அதைச் சொல்லத்தான் வந்துருக்கேன்.”