லெஸ்டருக்கு வயிறு சரியில்லை

"ஆர்விட், இது மோசடி" என்றேன்.

பக்கத்து வீட்டு ஆர்விட் மென்றுகொண்டிருந்தான். வாய் நிறைய ஹாட்டிஷ். மாட்டுக்கறி, காளான் சூப், உருளைக்கிழங்கு எல்லாவற்றையும் ஒரே பாத்திரத்தில் போட்டு ஓவனில் வேகவைத்தது. மேஜையில் அதே மாதிரி இன்னும் ஆறு பாத்திரம். ஒவ்வொன்றின் அடியிலும் டேப் ஒட்டி, சமைத்து அனுப்பிய சர்ச் அம்மாளின் பெயர்.

"முயலுக்கு உடம்பு சரியில்லன்னு ஊரையே சமைக்க வச்சுட்டியேடா."

"நான் எங்க சமைக்கச் சொன்னேன்? ஞாயித்துக்கிழமை சர்ச்சுல காப்பி போட வர முடியாது, லெஸ்டர் ரெண்டு நாளா சாப்பிடல, வெளிக்கும் போகலன்னு வெர்னாகிட்ட போன்ல சொன்னேன். டுலுத் ஊர்லேருந்து வந்திருக்கிற உங்க தம்பியான்னு அவங்களாத்தான் கேட்டாங்க."

"நீ என்ன சொன்னே?"

"ம்முன்னேன்."

எங்கள் மினசோட்டாவில் 'ம்' என்பது பைபிளில் அடித்த சத்தியம். வெர்னா அம்மாள் அடுத்த வீட்டுக்குப் போன் செய்தார். அந்த வீடு அதற்கடுத்த வீட்டுக்கு. ஜெபச் சங்கிலி என்று பெயர். மத்தியானத்துக்குள் முப்பத்தெட்டு குடும்பங்கள் ஒரு கிழட்டு முயலின் குடலுக்காகக் கண்ணை மூடி உட்கார்ந்துவிட்டன.

லெஸ்டருக்கு வயது பதினொன்று. மனிதக் கணக்கில் தொண்ணூறு தாண்டியாகிவிட்டது. ஹீட்டர் பக்கத்தில் துண்டின்மேல் காதைத் தொங்கப் போட்டுப் படுத்திருந்தான். ஊசியில்லாத சிரிஞ்சில் வைக்கோல் பொடிக் கரைசலை ஏற்றி, கன்னத்தோரம் சொட்டுச் சொட்டாக விட்டான் ஆர்விட். பிறகு வயிற்றைத் தடவிக் கொடுத்தான்.

"இன்னிக்குச் சாயங்காலத்துக்குள்ள ஒரு புழுக்கையாவது போட்டாகணும்னு டாக்டர் சொல்லிட்டாங்க. இல்லன்னா..."

தட்டைத் தள்ளி வைத்துவிட்டான்.

போன் அடித்தது. வெர்னா அம்மாள். ஸ்பீக்கரில் போட்டான்.

"தம்பி எப்படி இருக்காரு?"

"அப்படியே."

"பேசறாரா?"

"அவன் எப்பவுமே பேசமாட்டான்."

"உங்க குடும்பமே அப்படித்தானே. பாஸ்டரும் நானும் கார்ல வந்துட்டிருக்கோம். பக்கத்துல நின்னு ஜெபம் பண்ணணுமாம். பத்தே நிமிஷம்."

ஆர்விட் என் சட்டையைப் பிடித்தான்.

"ஓலி, படு."

"எங்க?"

"கட்டில்ல. நீதான் லெஸ்டர்."

"வாராவாரம் பாஸ்டர் கையைப் பிடிச்சுக் குலுக்கறவன்டா நான்."

"மூஞ்சிய மூடிக்க. வாயத் திறக்காத. யாராவது கேட்டா மூக்கை மட்டும் ஆட்டு."

"அப்ப இவன்?"

"அவனுக்குச் சூடு வேணும்" என்று சொல்லி, முயலைத் தூக்கிப் போர்வைக்குள் என் வயிற்றின்மேல் வைத்துவிட்டான்.

அழைப்புமணி அடித்தது. காலடிச் சத்தம் கட்டிலுக்குப் பக்கத்தில் வந்து நின்றது. போதகர் என் தலையைத் தொடவில்லை. நேராக வயிற்றின்மேல் மேடாக இருந்த இடத்தில் கையை வைத்தார்.

"ஆண்டவரே, உம்முடைய இந்தச் சின்ன ஜீவனின் குடலை இளக்கியருளும். அதிகம் கேட்கவில்லை. ஒன்றே ஒன்று போதும்."

சின்ன ஜீவனா? நான் ஆறடி இரண்டங்குலம். பிறந்த அன்றே மருத்துவச்சியின் தராசு உடைந்தது. அப்படியெல்லாம் என்னை என் அம்மாகூடச் சொன்னதில்லை.

அதற்குள் வெதுவெதுப்பாக ஒன்று என் தொப்புளில் உருண்டது. பின்னாலேயே இன்னொன்று. அப்புறம் பட்டாணி மூட்டை அவிழ்ந்த மாதிரி.

"வந்துருச்சு" என்றேன், போர்வைக்குள்ளிருந்து.

"ஆமென்" என்றார் போதகர்.

ஆர்விட் இரண்டு முறை மூக்கைச் சிந்தினான். "காப்பி... காப்பி போடறேன்" என்று அடுப்படிக்கு ஓடினான். போதகரும் பின்னாலேயே போனார்.

அறை அமைதியானது. எல்லாரும் போய்விட்டார்கள் என்று நினைத்தேன்.

"ஓலி, மூஞ்சிய வெளிய எடுங்க. மூச்சு முட்டிடப் போகுது."

போர்வையை இறக்கினேன். வெர்னா அம்மாள் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்திருந்தார். முயலின் காதுக்கு நடுவில் ஒரு விரலால் தடவினார்.

"கெட்டிக்காரன்டா லெஸ்டர் நீ."

"உங்களுக்குத் தெரியுமா?" என்றேன்.

"ஆர்விட்டோட சம்சாரம் ஈடித் சாகறவரைக்கும், பத்து வருஷமா எங்க தையல் கூட்டத்துல புருஷனைப் பத்திப் பேசினதே இல்ல. இந்த முயலைப் பத்தித்தான் பேசினா. முப்பத்தெட்டு வீட்டுக்கும் இவனைத் தெரியும்."

எனக்குக் கோபம் வந்தது. "தெரிஞ்சுமா முயலுக்கு ஹாட்டிஷ் செஞ்சீங்க? ஏழு பாத்திரம். அத்தனையும் ஆர்விட்தான் உக்காந்து தின்னுட்டிருக்கான்."

"நிஜமா சாப்பிடறாரா?" வெர்னா அம்மாள் முகம் மலர்ந்துவிட்டது. அடுப்படிப் பக்கம் ஒரு பார்வை பார்த்துக் குரலைத் தாழ்த்தினார்.

"ஈடித் போனப்ப நாங்க கொண்டுவந்ததை எல்லாம், எனக்கு ஒண்ணும் வேணாம்னு வாசல்லயே திருப்பி அனுப்பிட்டாரு. எட்டு மாசமா ரொட்டியும் காப்பியும்தான். பேன்ட் இடுப்புல நிக்கல, பாத்தீங்களா? லெஸ்டருக்குன்னாத்தான் இந்த மனுஷன் வாங்கறாரு."

எழுந்து, போர்வையைத் தானே என் மூக்குவரை இழுத்துவிட்டார்.

"அடுத்த வாரம் தம்பிக்குச் சளி பிடிக்கப் போகுதுன்னு எல்லார்கிட்டயும் சொல்லி வச்சிருக்கேன். நீங்க கொஞ்சம் இருமிப் பழகிக்கங்க."