முகூர்த்த நாள்

அப்பா சில்வர் டம்ளரை மேஜையின் நடுவில் கவிழ்த்தார்.

"இது கோயில்."

குழம்புக் கரண்டியை நீட்டிவைத்தார். அது ரயில்வே ஸ்டேஷனிலிருந்து கோயிலுக்குப் போகும் தெரு. ஊறுகாய் பாட்டில், நாயக்கர் மகால்.

மதுரை. இரண்டு நாள். டிசம்பர் விடுமுறையில் திருப்பூரிலிருந்து நான்கு பேர்.

மகள் இலக்கியா கல்லூரி விடுதியிலிருந்து வந்திருந்தாள். மகன் பதினொன்றாவது. ஒருத்திக்குச் சிநேகிதிகள், ஒருவனுக்கு டியூஷன். இருவரையும் ஒரே ரயிலுக்குச் சம்மதிக்க வைப்பதற்குள் அவருக்குப் போதும் போதும் என்றாகிவிட்டது. அடுத்த வருடம் இதுகூட நடக்காது. அது அவருக்குத் தெரியும்.

பனியன் கம்பெனியில் அவர் நிட்டிங் மெஷின் மெக்கானிக். ஏன், எப்படி என்று சொல்லாமல் எதையும் விடமாட்டார்.

"சனிக்கிழமை மத்தியானம் போய் எறங்கறோம். அப்ப நடை சாத்தியிருப்பாங்க. அதனால மொதல்ல மகால். சாயங்காலம் கோயில்ல வெளியூர்க் கூட்டம் பூராவும் ஒரே நேரத்துல வந்து சேரும். புனல்ல எண்ணெய் ஊத்தற மாதிரி. எவ்வளவு வேகமா ஊத்துனாலும் கீழ எறங்கறதுதான் எறங்கும். ஞாயித்துக்கிழமை விடியக்காலம் போனா, நேரா அம்மன் முன்னால நிக்கலாம்."

"மீனாட்சிக்கே இவ்வளவு தெரியாதுங்கப்பா" என்றான் மகன்.

அடுப்படியில் மனைவி சிரித்தாள். அவரும் சிரித்தார்.

இலக்கியா டம்ளரைக் கரண்டிக்குப் பக்கத்தில் நகர்த்தினாள்.

"கோயில சனிக்கிழமையே வெச்சுக்கலாங்கப்பா."

புனலை மறுபடியும் சொன்னார். பொறுமையாக. டம்ளரைத் திரும்ப நடுவில் வைத்தார்.

"ஞாயித்துக்கிழமை வேண்டாங்கப்பா."

"ஏன் கண்ணு?"

"சும்மாதான்."

சும்மா என்பது அந்த வீட்டில் காரணம் இல்லை. ஊசி சும்மா உடையாது. பெல்ட் சும்மா அறாது. காரணத்தைச் சொன்னால் எதையும் மாற்றிக்கொள்ளலாம். பிள்ளைகளை அப்படித்தான் வளர்த்திருந்தார். அதில் அவருக்குக் கொஞ்சம் பெருமையும் உண்டு.

"காரணத்தச் சொல்லு. அப்பா மாத்திடறேன்."

அவள் கரண்டியை நேராக்கி வைத்தாள்.

"அக்கா ஹாஸ்டல்ல எட்டு மணிக்குத்தான் எந்திரிக்கிறா. அதான்" என்றான் மகன். சொல்லிவிட்டு அவள் முகத்தைப் பார்த்தான். சட்டென்று செல்போனை எடுத்துக் குனிந்துகொண்டான்.

"ஏனுங்க, விடுங்க." அடுப்படியிலிருந்து.

"நீ இரு. அவ வாயால சொல்லட்டும்."

மேஜையில் ஒட்டியிருந்த சோற்றுப் பருக்கையை இலக்கியா விரலால் நசுக்கினாள். நசுங்கிய பிறகும் விரலை எடுக்கவில்லை.

"நான் வரலைங்கப்பா. நீங்க மூணு பேரும் போயிட்டு வாங்க."

"இதென்ன நியாயம்? ஒரு கோயில மாத்தக் காரணம் கேட்டா, ஊருக்கே வரலைங்கறே?"

குரல் உயர்ந்துவிட்டது. பக்கத்து வீட்டு டிவி சத்தம் குறைந்தது.

மனைவி வந்தாள். கையெல்லாம் ஈரம். அவர் தோளருகே குனிந்தாள்.

"அன்னிக்கு அவளுக்கு டேட்டுங்க."

காதோடுதான் சொன்னாள்.

கோயிலுக்குள் போகாத நாள். அந்த வீட்டில் மாதாமாதம் வந்துபோகிற நாள்.

அவருக்கு முகம் எரிந்தது. கை டம்ளர் மேலேயே இருந்தது. அதை என்ன செய்வதென்று தெரியவில்லை.

வரிசையாக ஓடுகிற மெஷின்களில் எங்கோ ஓர் ஊசி உடைந்தால் சத்தத்தை வைத்தே சொல்லிவிடுவார்.

பள்ளிக்கூடத்தில் அவளுக்கு அறிவியல் முழுவதும் அவர்தான் சொல்லிக்கொடுத்தார். இதயத்துக்கு மோட்டார். சிறுநீரகத்துக்குக் காபி வடிகட்டி. அதற்கு அடுத்த பாடம் வந்தபோது, இத நீயே படிச்சுக்க கண்ணு என்று எழுந்துவிட்டார். பின்பக்கக் குழாய் சொட்டுகிறது என்றார்.

சொட்டவில்லை.

அவள் தனியாகத்தான் படித்தாள்.

அவளை இப்போது பார்க்க வேண்டும். முடியவில்லை. பார்த்தால், தனக்குத் தெரிந்துவிட்டது அவளுக்குத் தெரிந்துவிடும். பார்க்காமல் இருந்தாலும் தெரிந்துவிடும்.

"சரி. சனிக்கிழமையே கோயில்."

வேகமாகச் சொல்லிவிட்டார். ஏன் என்று ஒரு வார்த்தை இல்லை. அந்த மேஜையில் எதுவும் அப்படி முடிவானதே இல்லை.

மகளின் தலை இன்னும் தாழ்ந்தது.

எதிரே வயசுப் பையன் உட்கார்ந்திருக்கிறான். அவனுக்கு ஏதாவது சொல்லியாக வேண்டும்.

"ஞாயித்துக்கிழமை முகூர்த்த நாள்டா தம்பி. மறந்தே போயிட்டேன்."

தொண்டையைச் செருமிக்கொண்டார். விளக்கினார். தாலி கட்டி முடித்ததும் பொண்ணும் மாப்பிள்ளையும் மண்டபத்திலிருந்து நேராகக் கோயிலுக்குத்தான் வருவார்கள். ஒரு ஜோடிக்குப் பின்னால் ஒரு பஸ் நிறையச் சொந்தக்காரர்கள். போட்டோக்காரர் நடுவழியில் நிறுத்தி மாலையைச் சரிசெய்யச் சொல்வார். வரிசை அங்கேயே தேங்கும். சீக்கிரம் போயும் பயனில்லை. முகூர்த்தமே விடியற்காலையில்தான்.

குரல் மெல்ல வழக்கமான குரலாகிக்கொண்டு வந்தது.

மார்கழி மாதத்தில் யாரும் கல்யாணம் வைப்பதில்லை என்பது அப்போதுதான் அவருக்கு உறைத்தது.

நிறுத்திவிட்டார்.

மனைவி முந்தானையில் கையைத் துடைத்துக்கொண்டே நின்றாள். கை எப்போதோ காய்ந்துவிட்டிருந்தது.

மகன் செல்போனிலிருந்து நிமிரவில்லை.

"ஆமாங்கப்பா. அன்னிக்கு மதுரையில ஒரு மண்டபம்கூடக் காலியா இருக்காது."

இலக்கியா திரும்பித் தம்பியைப் பார்த்தாள்.