சக்கைக்கு வந்த மவுசு

"இனிமே சக்கை கிடையாதும்மா. வண்டியைத் திருப்பு."

பழச்சாறு ஆலையின் காவலாளி கேட்டைப் பாதி மூடிக்கொண்டே சொன்னார். தள்ளுவண்டியோடு நின்ற பால்காரம்மாவுக்குத் தூக்கிவாரிப்போட்டது. புருஷன் போனதிலிருந்து அவளுடைய இரண்டு மாடுகளும் உயிரோடு இருப்பதே இந்த ஆலை பிழிந்து கொட்டும் திராட்சைச் சக்கையால்தான்.

"குப்பையில கொட்டுறதைக் கொடுக்க என்னண்ணே கஷ்டம்?"

"இப்ப அது குப்பை இல்லம்மா. தோலு, கொட்டை எல்லாத்திலயும் ஆன்டி ஆக்ஸிடன்ட் இருக்காம். உடம்பு சீக்கிரம் கெட்டுப்போகாம காப்பாத்துமாம். மாத்திரை பண்ற கம்பெனி மொத்தமா அள்ளிக்கிட்டுப் போவுது."

பின்னால் வந்த ஆட்டுக்காரி கூடையைத் தரையில் வீசினாள். "எங்க ஆடு தின்னப்ப அந்தச் சத்து எங்க போயிருந்துச்சாம்? எவன் கண்டுபிடிச்சான் இதை?"

"எவன் இல்ல, எவ. வெளியூர்க் காலேஜ்ல ஆராய்ச்சி பண்ற பொண்ணாம்."

பால்காரம்மாவின் முகம் வெளிறியது.

"என் வயித்துல அடிச்சுட்டாளே! அவ விளங்குவாளா? அவ குடும்பம்…" என்று ஆட்டுக்காரி மண்ணை வாரினாள்.

"வேணாம்டி!" பால்காரம்மா ஓடிப்போய் ஆட்டுக்காரியின் வாயைப் பொத்தினாள். "யாரு பெத்த புள்ளையோ. சாபம் விடாதே."

"உன் மாடும்தான் பட்டினி கிடக்கப் போவுது. அவளுக்கு என்ன வக்காலத்து?"

பால்காரம்மா காலி வண்டியைத் திருப்பிக்கொண்டு நடந்தாள்.

தீவனம் வாங்கிக் கட்டுப்படியாகவில்லை. சந்தையில் கழித்துப்போட்ட கோஸ் இலையைப் பொறுக்கிவந்து போட்டாள். அது ஒரு மாட்டுக்கே போதவில்லை. பால் வற்றியது. விலா எலும்பு தெரிய ஆரம்பித்தது. கடைசியில் மாட்டுத் தரகரை அவளே வரச் சொன்னாள்.

பெரிய மாடு லாரியில் ஏற மறுத்தது. தரகர் குச்சியை ஓங்கினார். "அடிக்காதீங்க, நான் சொன்னா ஏறும்" என்று கழுத்தைத் தடவி, அவளே ஏற்றிவிட்டாள். இளைய மாடு பின்னாலேயே ஏறிக்கொண்டது.

அப்போது போன் அடித்தது.

"அம்மா! எல்லாம் முடிஞ்சப்புறம் சொல்லலாம்னு இருந்தேன், என் ஆராய்ச்சி ஜெயிச்சிடுச்சும்மா! நீ மாட்டுக்குப் போடுறியே, அதே திராட்சைச் சக்கைதான். கம்பெனியே தேடி வந்து எடுத்துக்கிச்சு! நம்ம மாடுங்க எப்படிம்மா இருக்கு?"

லாரி நகர்ந்து தெருமுனை திரும்பும்வரை போனைச் சேலைக்குள் பொத்திப் பிடித்திருந்தாள். பிறகு போனைக் காதில் வைத்துச் சொன்னாள்:

"அதுங்களுக்கென்னடி, வயிறு முட்டத் தின்னுட்டுப் படுத்திருக்கு."